வகுப்பைத் தாண்டி ஓடும் மாணவிக்கு ஆசிரியர் என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டதை முதலில் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். பதினோராம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறீர்கள், ஆறு வருட அனுபவம். வகுப்பில் ஒரு பெண், நீங்கள் செய்யுளைப் படித்துக் காட்டி முடிப்பதற்குள் அதன் பொருளைத் தானே கண்டுவிடுகிறாள். அவள் கேட்கும் கேள்விகளில் சிலவற்றுக்கு உங்களிடம் பதில் இல்லை. ஆனால் தேர்வு என்று வந்தால் சுமாராகத்தான் மதிப்பெண் வாங்குகிறாள், ஏனென்றால் கேட்டதை விட்டுவிட்டுத் தனக்குத் தோன்றியதை எழுதுகிறாள். "இவளுக்குக் கொடுக்க நல்ல புத்தகங்கள் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறீர்கள். புத்தகப் பட்டியல் கேட்டிருந்தாலும், என்னைவிடக் கூர்மையான பிள்ளைக்கு நான் எப்படி ஆசிரியராக இருப்பது என்ற கேள்விதான் உங்களை உறுத்துகிறது என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

33 வருடம் தமிழ் இலக்கியம் நடத்தியிருக்கிறேன், முதலில் மேல்நிலை வகுப்புகளில், அப்புறம் கல்லூரியில். நான் உளவியல் படித்தவன் இல்லை. சிறு பிள்ளைகளுக்கும் பாடம் எடுத்ததில்லை. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்துச் சொல்வது. எட்டு வயதுக் குழந்தைக்கு இதை அப்படியே பொருத்திவிடாதீர்கள்.

முதலில், அந்தப் பெண்ணிடம் இருப்பது எந்த வகைத் திறமை என்று பார்க்க வேண்டும். நன்னூலில் மாணாக்கரைத் தலை, இடை, கடை என்று பிரித்து உவமை சொல்லியிருப்பது உங்களுக்குத் தெரியும். தலைமாணாக்கருக்கு இரண்டு உவமை, அன்னமும் பசுவும். கிளி இடைமாணாக்கர் வரிசையில்தான் இருக்கிறது, சொல்லிக் கொடுத்ததை மட்டும் அழகாகத் திருப்பிச் சொல்லும் என்பதால். என் முதல் பத்து வருடத்தில் நான் 'அபாரம்' என்று கொண்டாடிய பிள்ளைகளில் பாதிப்பேர் கிளிகள். தெளிவாகப் பேசுவார்கள், நிறைய மனப்பாடம் வைத்திருப்பார்கள், உரையாசிரியர் பெயரெல்லாம் சொல்வார்கள். பாடத்தில் இல்லாத ஒரு செய்யுளை உரையில்லாமல் கையில் கொடுத்தால் திகைத்து நின்றுவிடுவார்கள். அன்னம் பாலையும் நீரையும் பிரிப்பது, அதாவது எது செய்யுளில் இருக்கிறது, எது நாம் கொண்டுவந்து ஊற்றியது என்று பிரிப்பது. அந்தத் திறமை சிலருக்கு இயல்பாகவே வரும். உங்கள் மாணவிக்கு அது இருக்கிறது போலத்தான் தெரிகிறது.

ஆனால் நான் அதிகம் யோசித்தது பசுவைப் பற்றி. புல் கண்ட இடத்தில் வயிறார மேய்ந்துவிட்டு, அப்புறம் ஓரிடத்தில் அமர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவந்து அசைபோடும். அதை அன்னத்துக்குப் பக்கத்திலேயே முதல் வரிசையில் வைத்திருக்கிறார் நன்னூலை எழுதிய பவணந்தியார். கெட்டிக்காரப் பிள்ளைகளிடம் பொதுவாக இல்லாதது இந்த அசைபோடும் பழக்கம்தான். ஒரு தடவை படித்ததும் புரிந்துவிடுகிறது, ஆகவே இரண்டாம் தடவை படிக்கக் காரணம் இருப்பதில்லை. மற்ற பிள்ளைகள் புரியாமல் நான்கு தடவை படிக்கிறார்கள், அந்த நான்கு தடவையில் செய்யுள் அவர்களோடு ஒட்டிக்கொள்கிறது. வேகமான பிள்ளைக்கு அந்த வாய்ப்பு கிடைக்காமல் போகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு மேலும் மேலும் புத்தகம் கொடுத்தால் மேயும் பரப்புதான் கூடும். பட்டியல் கேட்ட உங்களிடம் பட்டியல் தராமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

நிதானப்படுத்துவது எப்படி? ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு, மொத்தம் நான்கே அடி. தேவகுலத்தார் பாடியது. நிலத்தைவிடப் பெரியது, வானத்தைவிட உயர்ந்தது, நீரைவிட ஆழம் காண முடியாதது என்று தலைவி ஒன்றைச் சொல்லிக்கொண்டே வந்து, கருங்கொம்புக் குறிஞ்சிப் பூவிலிருந்து பெருந்தேன் சேரும் நாட்டை உடையவனோடு எனக்குள்ள நட்பு என்று முடிக்கிறாள். அந்த வருடம் இருந்த மாணவி, உங்கள் மாணவியைப் போலவே வேகம், உடனே கையைத் தூக்கினாள். "ஐயா, முதலில் நிலம், வானம், கடல் என்று பெரிய பெரிய அளவாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு பூவுக்குள் போய்விட்டாளே" என்றாள். அருமையான கவனிப்பு. நான் பாராட்டாமல் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். "இதை அவள் யாரிடம் சொல்கிறாள்?" தெரியவில்லை. அடுத்த நாள் பாட்டின் அடியில் இருக்கும் கூற்றை, அதாவது யார் யாரிடம் எந்தச் சூழலில் சொல்கிறார் என்ற குறிப்பை, படித்துவிட்டு வரச் சொன்னேன்.

கூற்று என்ன சொல்கிறது? தலைவன் வேலிக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் சீக்கிரம் மணம் செய்துகொள்ள வேண்டும் என்பதற்காகத் தோழி அவனைக் குறை சொல்கிறாள், அதற்குத் தலைவி விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்கிறாள். மறுநாள் அந்தப் பெண் வந்து நின்றபோது அவள் முகம் மாறியிருந்தது. "ஐயா, இது கொஞ்சல் இல்லை, வாக்குவாதம்" என்றாள். அதே நான்கு அடி, அதே சொற்கள்தான். அதற்குப் பிறகு நான் இன்னொன்று சொன்னேன். கூற்றை எழுதியவர் தேவகுலத்தார் இல்லை, பிற்காலத்தில் சேர்த்தது. அதை நீ நம்பித்தான் ஆக வேண்டுமா, அது இல்லாமல் பாட்டில் எந்தச் சொல்லாவது இது வாக்குவாதம் என்று காட்டுகிறதா? இதற்கு அவள் ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரத்தில் வேறொன்றும் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு முறை பூப்பது, ஆகவே அந்தத் தேன் அரிதான தேன், நட்பும் அப்படி அரிதானது என்று சொல்கிறாள் தலைவி, என்றாள். கேட்க அழகாக இருக்கிறது, இல்லையா? வகுப்பே அவளைப் பார்த்தது. நான் அவளைப் பாட்டுக்கே திருப்பி அனுப்பினேன். 12 ஆண்டு என்பது செய்யுளில் எங்கே இருக்கிறது? இல்லை. அங்கே இருப்பது 'பெரும்' என்ற அடை, தேனுக்கு முன்னால். அரிது என்று சொல்லவில்லை, நிறைய என்று சொல்கிறது. ஒருவேளை புலவர் மனத்தில் 12 ஆண்டும் இருந்திருக்கலாம், நமக்குத் தெரிய வழியில்லை. 'இருக்கலாம்' என்பதை 'இருக்கிறது' என்று எழுதக் கூடாது, அவ்வளவுதான். அவள் கொஞ்சம் வாடித்தான் போனாள். ஆனால் அந்த வருடம் அவள் கற்றவற்றில் முக்கியமானது அதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். கூர்மையான பிள்ளைகள் அழகான விளக்கத்தைச் சரியான விளக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அவர்கள் சொல்லும் எதுவும் அழகாக இருக்கும், யாரும் மறுக்கவும் மாட்டார்கள். நீங்கள் மறுக்க வேண்டும். மறுப்பதற்கு அவளைவிட அறிவு வேண்டியதில்லை. "எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறாய்?" என்று விடாமல் கேட்கத் தெரிந்தால் போதும்.

சரி, புத்தகமே வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் ஒன்றை ஒன்று மறுக்கிற மாதிரி இரண்டு இரண்டாகக் கொடுங்கள். இதற்குத் திருக்குறள் உரைகளைவிட வசதியானது எனக்குத் தெரிந்து இல்லை. பழைய உரைகளில் மணக்குடவர், பரிதியார், காலிங்கர், பரிப்பெருமாள், பரிமேலழகர் ஆகிய ஐவருடையவை நமக்குக் கிடைத்திருக்கின்றன. அதிகாரத்துக்குள் குறள்களை வரிசைப்படுத்துவதில்கூட அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. தன் மகனைச் சான்றோன் என்று கேட்ட தாய் என்று வரும் குறளை எடுத்துக்கொள்ளுங்கள். 'கேட்ட' என்று ஏன் சொன்னார் என்பதற்குப் பரிமேலழகர், பெண் இயல்பால் தானாக அறியமாட்டாள் என்று காரணம் எழுதுகிறார். மணக்குடவரில் அந்தக் காரணம் இல்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த மாணவியும் கொதிப்பாள். கொதிக்கட்டும். கொதிப்பு அடங்கிய பிறகு, அந்தக் குறளின் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு பரிமேலழகரை மறுத்து ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அதற்கடுத்து, வேறொரு குறளில் பரிமேலழகரின் இலக்கண நுட்பம் மற்ற நால்வரையும் தாண்டி நிற்கும் இடத்தைத் தேடிவரச் சொல்லுங்கள். ஒருவரோடு சண்டையும் போடலாம், அவரிடம் கற்கவும் செய்யலாம் என்பது இந்த வயதில் சொல்லிப் புரியாது, செய்தால் புரியும்.

பாராட்டு விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதை மறைக்காமல் எழுதுகிறேன். நான் வேலைக்கு வந்து நான்கைந்து வருடம் இருக்கும். ஒரு பையன் கவிதை எழுதிக் கொண்டுவந்தான், பதினாறு வயது. உண்மையிலேயே நன்றாக இருந்தது. நான் வகுப்பில் படித்துக் காட்டினேன், ஆண்டு மலரில் போட்டேன், போகிற இடமெல்லாம் "நம் வகுப்பில் ஒரு பெரிய கவிஞன் இருக்கிறான்" என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவன் எழுதியதையெல்லாம் என்னிடம் காட்டுவது குறைந்தது. ஆண்டு முடிவதற்குள் நின்றேபோனது. ஒரு நாள் தனியாகக் கேட்டபோது, "அது மாதிரி வரமாட்டேங்குது ஐயா" என்றான். பெரிய கவிஞன் என்ற பெயரைக் காப்பாற்ற அவனுக்கு இருந்த ஒரே வழி எழுதாமல் இருப்பது. அந்தப் பட்டத்தை அவன் கேட்கவில்லை, நான்தான் சுமத்தினேன்.

பல வருடம் கழித்துத்தான் இதைப் பற்றி ஆராய்ச்சி இருப்பதே எனக்குத் தெரிந்தது. 1998இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இருவர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்தது. ஒரு சாராரை "நீ புத்திசாலி" என்றும் இன்னொரு சாராரை "நன்றாக முயற்சி செய்தாய்" என்றும் பாராட்டினார்கள். அடுத்து எந்த வேலை வேண்டும் என்று கேட்டபோது புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்களில் அதிகம் பேர் தங்களுக்கு நன்றாக வரும் வேலையையே தேர்ந்தெடுத்தார்கள், கடினமான கணக்கில் தோற்றபின் தளர்ந்தும் போனார்கள். இதைத் தொடர்ந்து பள்ளிகளில் பெரிய அளவில் நடத்திய, முயற்சியால் அறிவு வளரும் என்று பிள்ளைகளுக்கு உணர்த்தும் மனப்பான்மைப் பயிற்சிகளில் பலன் சிறிதாகத்தான் தெரிந்திருக்கிறது, ஆகவே பாராட்டும் சொல்லை மாற்றினால் பிள்ளையே மாறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆளைப் பாராட்டாமல் வரியைப் பாராட்டுவது என்பதை அந்தப் பையனுக்குப் பிறகு நான் ஒருநாளும் விட்டதில்லை. "நீ பெரிய ஆள்" என்பதற்குப் பதில், "இந்த மூன்றாம் வரியில் 'ஆனால்' என்ற சொல்லை எடுத்திருக்கிறாயே, அதனால் பாட்டு இறுகிவிட்டது" என்று சொல்லுங்கள். அவள் எழுதியதை நீங்கள் உண்மையாகவே படித்தீர்கள் என்பது அதில் தெரியும். இந்தப் பிள்ளைகளுக்குப் பாராட்டுக்குப் பஞ்சமில்லை. தங்களைக் கவனமாகப் படிக்கும் ஆள்தான் கிடைப்பதில்லை.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "மதிப்பெண் முக்கியமில்லை, உன் போக்கில் எழுது" என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள். சொல்லும்போது பெருந்தன்மையாக இருக்கும், விலை கொடுப்பது அவள். வெண்பாவில் கடைசி அடி மூன்று சீர்தான், அதற்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்பதைக் குறையாக யாரும் சொல்வதில்லை. தேர்வு விடையும் அப்படி ஒரு வடிவம். கேட்ட வினாவுக்கு, கொடுத்த நேரத்துக்குள், முன்பின் தெரியாத ஒருவர் திருத்தும்படி எழுதுவது. அதைத் தனித் திறமையாகவே கற்றுக்கொடுங்கள். நான் செய்தது, விடையை வினா கேட்டபடி எழுதி முடித்துவிட்டு, சொந்தக் கருத்தைக் கடைசிப் பத்தியில் மட்டும் எழுதச் சொன்னது. பெரும்பாலும் சரியாக வந்தது.

இன்னொரு பிரச்சினை துணை. நன்னூலில் நான் அடிக்கடி திரும்பிப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. ஆசிரியர் சொல்வதை முழுக்கக் கவனித்துக் கேட்டாலும் மாணவனுக்குக் கால் பங்குதான் வரும், உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால், தான் பிறருக்கு விரித்துச் சொல்லும்போதுதான் மீதி அரைப் பங்கு நிறையும் என்று பவணந்தியார் கணக்குப் போட்டிருக்கிறார். வகுப்பில் எல்லோரையும் தாண்டிப் போகும் பிள்ளைக்கு இரண்டாம் கால் கிடைப்பதே இல்லை. மூன்றாவதான அரைப் பங்குக்கு வழி செய்யலாம், ஆனால் பார்த்துச் செய்ய வேண்டும். மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு அவளை வாரம் முழுக்கப் பாடம் சொல்லித்தரச் சொல்வது அவளைச் சம்பளமில்லாத உதவியாளராக வைத்துக்கொள்வது. நான் அதைக் கொஞ்ச காலம் செய்தேன், பிள்ளைகள் இருதரப்பிலும் கசந்துபோனது. அதைவிட, தெரியாத ஒரு செய்யுளை நான்கு பேருக்குக் கொடுத்து, அவளையும் அதில் ஒருத்தியாக உட்காரவைத்து, கடைசியில் அவள் மட்டும் எழுந்து மற்ற மூவரின் கருத்தையும் சொல்ல வேண்டும் என்று வைத்தபோது நன்றாக நடந்தது. மற்றவர் சொன்னதைச் சரியாக எடுத்துச் சொல்ல, முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும் அல்லவா. இப்படிச் செய்யும்போது கடைசி வரிசையில் பேசாமல் இருந்த ஒரு பையன் வாயைத் திறப்பதையும் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பையனுக்காக ஒரு வார்த்தை. திறமைசாலி என்று ஒருத்தியை நாம் தேர்ந்தெடுக்கும்போதே வேறு யாரையோ விட்டுவிடுகிறோம். அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் 1921இல் அறிவுத்திறன் சோதனை வைத்துச் சுமார் 1,500 பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, பல பத்தாண்டு பின்தொடர்ந்தார். அந்தச் சோதனையில் தேறாமல் வெளியே நின்ற இரண்டு பையன்கள், வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வாரெஸும், பிற்பாடு இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கினார்கள், 1956இலும் 1968இலும். தேர்ந்தெடுத்தவர்களில் யாருக்கும் அந்தப் பரிசு கிடைக்கவில்லை. அளந்து பார்க்க எண்கள் இருந்த இடத்திலேயே இப்படியென்றால், இலக்கிய வகுப்பில் என் கண் எத்தனை தடவை தவறியிருக்கும்! எழுத்துப் பிழை மலிந்த விடைத்தாளைப் பார்த்ததும் 'சுமார்' என்று ஒதுக்கிய பிள்ளைகள் எனக்கும் இருந்தார்கள். பிழையைத் தள்ளிவிட்டு, கருத்தை மட்டும் ஒருமுறை படியுங்கள். வாய்மொழியாகச் சொல்லச் சொல்லியும் பாருங்கள்.

அடுத்த வகுப்புப் பாடத்தை இப்போதே நடத்திவிடலாமா என்றும் இடையில் கேட்டிருந்தீர்கள். கணிதத்தில் முந்திப் படிக்கும் பிள்ளைகளுக்கு அதனால் கெடுதல் இல்லை, நன்மைதான் என்று ஆராய்ச்சிகள் ஓரளவு ஒத்துச் சொல்கின்றன. இலக்கியத்துக்கு அதை அப்படியே நீட்டலாமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. சொல்லும் இலக்கணமும் முன்கூட்டியே வரும். ஆனால் பிள்ளையை இழந்தவள் புலம்புவதையும் முதுமையில் இளமையை நினைத்து ஒருவர் பெருமூச்சு விடுவதையும் பதினாறு வயதில் புரிந்துகொள்வது ஒரு மாதிரி, நாற்பதில் வேறு மாதிரி. அவளுக்கு அது புரியாது என்று நான் சொல்லவில்லை. இப்போது புரிந்ததே முழுதும் என்று அவள் முடிவுகட்டிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. அதனால் படித்த செய்யுளுக்குக் கீழே தேதி போட்டு, அன்று தோன்றியதை இரண்டு வரி எழுதிவைக்கச் சொல்வேன். எப்போதாவது அவளே திரும்பிப் பார்க்கட்டும்.

உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வி வரும்போது, "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். அதோடு விடாமல், சொன்னபடி பார்த்துக்கொண்டு வாருங்கள். முதல் பாதியை எல்லோரும் சொல்வோம், இரண்டாம் பாதியை வைத்துத்தான் பிள்ளைகள் நம்மை எடைபோடுகிறார்கள். எதில் தேடினேன், எந்த அகராதியில் என்ன கண்டேன், எங்கே முட்டிக்கொண்டு நின்றேன் என்று காட்டினால், பதில் கிடைக்காவிட்டாலும் தேடும் முறை அவளுக்குக் கிடைத்துவிடும். எல்லாவற்றையும் நீங்களே கொடுக்க வேண்டும் என்ற சுமையும் வேண்டாம். உ. வே. சாமிநாதையருக்கு வாய்த்த ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்தவர், 1876இல் மறைந்தார். 1880இல் சேலம் இராமசாமி முதலியார் என்ற நீதித்துறை அதிகாரி, நீங்கள் படித்த பட்டியலில் சீவக சிந்தாமணி இல்லையே என்று கேட்டதுதான் ஐயரின் போக்கைத் திருப்பியது. 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஆசிரியர் இல்லை. ஆனால் ஒரு புதிய நூலைத் தனியாகக் கையில் எடுத்துப் பொருள் காணும் பயிற்சி, பிள்ளையவர்களிடம் உட்கார்ந்து வந்தது.

இந்த வாரமே ஏதாவது செய்ய வேண்டும் என்றால், அவளுடைய கடைசித் தேர்வு விடைத்தாளை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் போன இடத்தில், அவள் தன் போக்கில் எழுதியிருக்கும் பத்தியை முழுதாகப் படியுங்கள். ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுங்கள், உங்களுக்கே விடை தெரியாத கேள்வியாக இருந்தால் இன்னும் நல்லது. அவள் என்ன எழுதிக் கொண்டுவருகிறாள் என்று எனக்கும் தெரியப்படுத்துங்கள்.